ஐஸில் வைத்த பதினேழு மாங்காய்

1

இது திருட்டுக் கதை. ராயபுரத்து டீக்கடையில் யாரோ யாருக்கோ பாதி சொன்னதை, கிளாஸை வைக்க அவர்கள் திரும்பிய நேரம் பார்த்து எடுத்துவந்துவிட்டேன். மீதிப் பாதி சொந்தச் சரக்கு. எந்தப் பாதி எது என்று கேட்காதீர்கள், எனக்கே கலந்துபோய்விட்டது.

2

முதல் தொடக்கம்: காசிமேட்டுக் கடல் அன்று சோகமாக

(கடலுக்கு வேறு வேலை இல்லையா? அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: ரஞ்சித் காசிமேட்டில் மீன் வைக்கும் ஐஸ் அறையைப் பார்த்துக்கொள்பவர்.* அவருடைய தோஸ்து சௌக்கத் அலி, மாத்தூர்வாசி. வீட்டுக்குப் பின்னால் அவர் மனைவி அஜீசா நட்ட மாமரம். அஜீசா இறந்துபோய் இரண்டு வருஷம் கழித்து, இப்போதுதான் முதல் காய்ப்பு. பதினேழு காய். பழுப்பதற்குள் சௌக்கத்துக்கு நெஞ்சு ஆபரேஷன் தேதி வந்துவிட்டது. முற்றின காயாகவே பறித்து, பையோடு வந்து நின்றார்.

"நான் வர்ற வரைக்கும் பத்திரமா வெச்சிரு மாமு. மொத பழம் நான்தான் துண்ணணும்."

"நீ போய்ட்டு வா நைனா. என்கிட்ட வந்த சரக்கு என்னிக்கி கெட்டுது?"

காசிமேட்டில் பத்திரம் என்றால் ஐஸ்.

* மூன்று வருஷம் முன்பு அந்த அறைக்குள் நுழைந்த ஈ ஒன்று, குளிரில் விறைத்து, இன்னும் தரைக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. நானே பார்த்தேன்.

3

பன்னிரண்டாம் நாள் ரஞ்சித் வெளியே எடுத்தார். தோலெல்லாம் சாம்பல் பூத்து, அங்கங்கே குழி. வைக்கோலில் நாலு நாள் போட்டுப் பார்த்தார். கறுத்தது, பழுக்கவில்லை. பழவண்டி நீலாவிடம் ஒன்றை நீட்டினார்.

"அய்ய, இன்னா அண்ணாத்தே, ஐஸ்லயா வெச்சே? மீனு செத்தது. இது பறிச்சப்புறமும் மூச்சு வுட்டுகினு கீது. அவ்ளோ குளுரு தாங்குமா? நெழல்ல சும்மா வெச்சிருந்தா தானா பழுத்திருக்கும்."

[இங்கே ஒரு தத்துவம் எழுதியிருந்தேன். ரஞ்சித்தின் முகத்தைப் பார்த்ததும் எடுத்துவிட்டேன்.]

4

முடிவு ஒன்று: நீலாவிடமே நல்ல பழமாக வாங்கி, அந்த மரத்துப் பழம் என்று கொடுக்கிறார்.

(ரஞ்சித் ஒப்பவில்லை. "அஜீசாம்மா பேர சொல்லி பொய்யா ஊட்டச் சொல்றே, பெர்சு?")

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறார்.

(தையல் இன்னும் ஆறவில்லை. ரஞ்சித்துக்குத் தைரியம் வந்தாலும் எனக்கு வராது.)

முடிவு மூன்று: அடுத்த வருஷமும் மரம் காய்க்கும். அப்போது சௌக்கத்

5

மாத்தூர். கட்டிலில் சௌக்கத் சாய்ந்திருக்கிறார்.

"வந்தியா மாமு. எங்க, குடு."

ரஞ்சித் மடியில் பை. உள்ளே இருப்பது நீலாவின் பழமா, கறுத்த காயா, நான் எழுதவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். நெஞ்சு அறுத்த மனிதர், கையை ரொம்ப நேரம் நீட்டிவைத்திருக்கக் கூடாது.