மூன்றாம் மாடியில் நின்ற லிஃப்ட்

…அந்த நர்ஸ் போயிருப்பாள், ஏழே முக்காலுக்கு மேல் ஒருநாளும் இருந்ததில்லை, ஆனால் படியில் காலடிச் சத்தமே கேட்கவில்லையே, ஒருவேளை இன்று விடுமுறையோ, இல்லை நான்தான் கவனிக்கவில்லையோ, எவ்வளவு நேரம்தான் இப்படிக் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்பது… உள்ளேயிருந்து மனைவி, “இன்னுமா கிளம்பல? முடிவெட்டுற கடை தொறந்து மூணு நாளாச்சு, எலி கடிச்ச மாதிரி தலையோட எத்தனை நாள் இருப்பீங்க?” என்கிறாள், அந்த எலியே அவள்தான், சமையலறைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டது அவள்தான். இதோ கிளம்பிட்டேன் என்கிறேன், கிளம்பவில்லை. கொரோனாக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திவிட்டார்கள், தெருமுனைத் தடுப்பை எடுத்துவிட்டார்கள், நானும் நேற்று சாயங்காலம் லிஃப்ட் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்துவிட்டேன், குடியிருப்போர் சங்கச் செயலாளன் என்ற முறையில் ஒட்டியதும் நான்தான், ‘மருத்துவமனையில் பணிபுரிவோர் மறு அறிவிப்பு வரை லிஃப்ட்டைப் பயன்படுத்த வேண்டாம்’, பணிபுரிவோராம், என்ன பன்மை வேண்டிக்கிடக்கிறது, இந்தக் கட்டடத்தில் ஐந்தாம் மாடி நர்ஸைத் தவிர வேறு யார் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்? எல்லோரும் சொன்னார்கள், எழுதினேன், எல்லோரும் என்றால் யார், நான்கு பேர், அதில் நானும் ஒருவன். பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வந்து எங்கள் வாசலுக்கு எதிர்ப்படியில் உட்கார்வாள், செருப்பைக் கழற்றிக் கணுக்காலைப் பிடித்துவிட்டுக்கொள்வாள், கதவுத் துவாரம் வழியே பார்த்துக்கொண்டே நிற்பேன், ஒருநாள் ஒரு நாற்காலி எடுத்துப் போடலாமா என்று தோன்றியது, அடுத்த நொடியே அதை யார் துடைப்பது என்றும் தோன்றியது…

சரி, போயிருப்பாள். கதவைத் திறந்தேன், பொத்தானை அழுத்தினேன், மேலேயிருந்து லிஃப்ட் இறங்கி வந்தது, திறந்தால் உள்ளே அவள், சாப்பாட்டுப் பையும் குடையுமாக. அட மடையா, தடையை எடுத்தபிறகு படியில் ஏன் காலடி கேட்கப்போகிறது? “வாங்க சார், இடமிருக்கு” என்றாள். மன்னிச்சுக்கம்மா, இரண்டு மாதமாக மனதுக்குள் உருப்போட்டு வைத்த ஒரே வார்த்தை, அதை விட்டுவிட்டு ஓரடி பின்னால் போனேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பயம் என்று நினைத்துவிட்டாள் போல, சட்டென்று வெளியே வந்து சுவரோரம் ஒதுங்கி நின்றாள். “பயமா இருக்கா சார்? பரவால்ல, நீங்க போங்க. எனக்குப் படி பழகிப்போச்சு.” இல்லம்மா, பயமில்ல, என்று சொல்லியிருக்கலாம், சொல்லியிருந்தால் பிறகு என்ன என்று கேட்டிருப்பாள், அதற்கு என்ன பதில்… தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய் நின்றுகொண்டேன், என் பின்னால் கதவு மூடிக்கொண்டது, பெட்டி இறங்குகிறது. பழகிப்போச்சு என்றாளே, குத்திக்காட்டினாளா? குரலில் அப்படி ஒன்றும் இல்லை, இருந்திருக்கக்கூடாதா, நாலு வார்த்தை திட்டியிருக்கக்கூடாதா, பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டு போகிறாளே, அது எனக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது… கதவு திறக்கிறது, கீழ்த்தளம், படியில் அவள் காலடி இன்னும் இறங்கி வந்துகொண்டிருக்கிறது, எப்படியும் இந்த வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும், அவளும் நானும், வெளியே போய்விடவும் முடியவில்லை, மறுபடி மூன்றை அழுத்தவும் கை வரவில்லை.