ஈயம் பார்க்க வந்த பெண்

1

இந்தக் கதை இந்த வருஷம், 2008-ல், செண்பகனூரில், ஏணி மேல் நின்றபோது எனக்குக் கிடைத்தது. தேவசேனா அம்மாவின் வாடகை வீட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன்.

பனி மூடிய அந்த மலையிலே ஒரு...

(வேண்டாம். பனி பார்க்க வருகிறவர்கள் அதை எழுதட்டும்.)

சத்தியபிரியா ஜன்னலில் கை வைத்தாள். கை ஒட்டிக்கொண்டது.

2

அவள் யார் என்று சொல்ல வேண்டுமே. பேத்துப்பாறை ஊர்ப் பெண். பழைய பெயின்டில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதகர். சென்னையில் பயிற்சி எடுத்து, பரீட்சையும் தேறியவள். இதுதான் அவளுக்கு முதல் வீடு. குடிவரப்போகும் மகாராணியிடம் கைக்குழந்தை இருப்பதால், மகாராணி வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் சத்தியபிரியாவை அனுப்பியிருந்தது. ஈயம் உள்ளே போனால் குழந்தையின் மூளையைக் கெடுக்கும்.

தேவசேனாவோ, பெண் பார்க்க வருவது போல நினைத்துவிட்டார். முந்தின நாளே ஜன்னலுக்கெல்லாம் புதுப் பெயின்ட். அவள் வந்த அன்றைக்குக் கேசரி.*

"ஏம்மா, கண்ணாட்டம் அடிச்சு வச்சிருக்கு, அதுல போய்க் கைய வைக்கிறியே!"

"அழகாத்தான் இருக்குங்க. நான் பாக்க வந்தது அடியில கெடக்குற பழசை."

* எனக்கும் கிடைத்தது. நெய் மணத்தது.

3

துப்பாக்கி மாதிரி இருந்த கருவியைச் சுவரில் வைத்தாள். இல்லை. கதவிலும் இல்லை. ஜன்னல் சட்டத்தில்...

(இங்கே எழுதாமல் நின்றுவிட்டேன். 'இல்லை' என்று போட ஆசைதான். ஆனால் மகாராணியின் மகளுக்குப் பல் முளைக்கிறது. எதைப் பிடித்து எழுகிறாளோ அதைக் கடிக்கிறாள்.)

"ஜன்னல்ல இருக்குங்க."

"மொத சோலியிலயே இப்படியா? இல்லைன்னு எழுதிட்டுக் கேசரியச் சாப்பிடு தாயி."

"கேசரிக்குன்னா நூறு மார்க் போடுவேங்க. ஜன்னலுக்கு முடியாது."

மகாராணி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "அப்ப எங்களுக்கு இந்த வீடு இல்லையாக்கா?"

தேவசேனா கேசரித் தட்டை மூடினார். சத்தியபிரியாதான் சொன்னாள்: "சுரண்டாதீங்க, தூசி பறக்கும். புள்ள வர்றதுக்கு முன்னாடி சட்டத்தோட கழட்டிட்டா வீடு சரியாயிரும்."

"கழட்டுற ஆளையும் நீயே சொல்லிரு" என்றார் தேவசேனா.

"சோதிக்கிறவ ஆளக் கைகாட்டக் கூடாதுங்க."

தேவசேனா அண்ணாந்து என்னைப் பார்த்தார். "ஏப்பா, அங்கன நின்னு என்ன வேடிக்க? எறங்கு!"

4

முடிவு ஒன்று: கோபத்தில் தேவசேனா வீட்டை வேறு ஆளுக்கு...

(எழுதியதை அடித்துவிட்டேன். "வர்றவுகளுக்கும் புள்ள இருக்கும்ல" என்றவர் அவர்.)

முடிவு இரண்டு: ஜன்னல்களைக் கழற்றியாயிற்று. ஈரத்துணியால் தரையைத் துடைத்தோம். சத்தியபிரியா மறுபடி வந்து பார்த்துச் சரி என்றாள். பனி நேரே அடுப்படிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. "இதுக்கும் சேத்தா வாடகை?" என்று மகாராணி கேட்க, தேவசேனாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

புது ஜன்னல் வந்துவிட்டது. ஈயம் கலக்காத பெயின்டும் வாங்க வேண்டும். தேவசேனா பச்சை என்கிறார். மகாராணி மஞ்சள் என்கிறாள். சத்தியபிரியாவைக் கேட்டால் கையை விரிக்கிறாள். நிறம் சொல்வது அவள் வேலையில்லையாம்.

ஆகவே, நீங்கள் சொல்லுங்கள். வெரசா. அடித்தது காயவும் நேரம் வேண்டும். சின்னவள் பிடித்து எழுந்து நிற்கக் காத்திருக்கிறாள்.