பதினோரு வலது கால்கள்

தொடக்கப்பள்ளி வகுப்பின் கடைசி பெஞ்சில் பறவை ஆய்வு நிலையத்தின் தலைவி உட்கார்ந்திருந்தார். அடுத்த பருவத்தில் மாணவர் குழுவை யார் நடத்துவது என்பதை இன்றைய பாடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். மடிக்கணினியோடு நின்ற அவனுக்கு, பாடம் நடத்தும் மாமன் மகளைவிட அதிகமாக வேர்த்தது.

இருவரும் ஒரே கல்லூரி. வலசைப் பறவைகளைப் பற்றிப் படிக்க இந்த நாட்டுக்கு வந்து எட்டு மாதமாகிறது. இந்த ஊர் மொழி அவனுக்கு இன்னும் தொண்டையில் சிக்கிய மீன்முள். அவளோ அதே மொழியில் குழந்தைகளிடம் வாயடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த உள்ளான் குருவி என் கைக்குள்ள அடங்கிடும். ஆனா இங்கேயிருந்து கிளம்பினா நாள்கணக்கா இறங்காம பறக்கும். நம்ம சேத்துக்கரைதான் அதுக்குச் சாப்பாட்டுக்கடை. அங்கே போய் நாம குப்பையைக் கொட்டினா?"

"கடையை மூடிடுவாங்க!" என்றது முன்வரிசை.

"அவ்வளவுதான்! இப்போ பறவை கால்ல நாங்க மாட்டற இந்த மஞ்சள் கொடியைப் பாருங்க, எழுத்தும் எண்ணும் போட்ட சின்னப் பிளாஸ்டிக் பட்டை. இடது கால்ல இருந்தா நம்ம கரையில பிடிச்சது. வலது கால்ல இருந்தா கடலுக்கு அந்தப் பக்கத்து நாடு."

முந்தின நாள் காலையில் கொடி மாட்டிய ஒரு பறவையின் படத்தை அவன் திரையில் போட்டான். முன்பல் விழுந்த ஒரு சிறுமி எழுந்து நின்றாள்.

"மிஸ், இதுக்கு வலது கால்ல இருக்கே?"

அவன் திரையை உற்றுப் பார்த்தான்; வலது கால்தான். நேற்றைய காற்று நினைவுக்கு வந்தது. பறவையை மல்லாத்திப் பிடிப்பது அவன் வேலை, கொடி மாட்டுவது அவள் வேலை. எப்போதும் பறவையின் தலை தன் நெஞ்சுப் பக்கம் இருக்கும்படி பிடிப்பான். நேற்று காற்று இறகைக் கலைத்ததால் திருப்பிப் பிடித்தான். அவள் கை பழகிய பக்கத்திலேயே மாட்டிக்கொண்டு போனது. பதினோரு பறவைகள், பதினொன்றுக்கும் வலது கால்.

"படம் கண்ணாடில தெரியற மாதிரி திரும்பிடுச்சுன்னு சொல்லிடு," என்று தமிழில் முணுமுணுத்தான். "யாருக்குத் தெரியப்போகுது?"

"கொடியில எழுத்து நேரா இருக்கே அத்தான். இதுங்களுக்கு எழுத்துக்கூட்டத் தெரியும்."

"மேடம் பாத்துக்கிட்டிருக்காங்க, வாத்தியாரம்மா. எட்டு மாச உழைப்பு!"

"ரெண்டு நாள்ல பறவை கிளம்பிடும். அப்புறம் போற இடமெல்லாம் அதை வேற நாட்டுக் கணக்குல எழுதுவாங்க. சும்மா இருக்கச் சொல்றியா?"

பதிலுக்குக் காத்திராமல் குழந்தைகள் பக்கம் திரும்பினாள். "நீ சொன்னதுதான் சரி கண்ணு. நான் தப்பான கால்ல மாட்டிட்டேன். ஒண்ணு இல்ல, பதினொண்ணு."

"மிஸ்ஸுக்கு இடது வலது தெரியாது!" என்று ஒரு வால் கத்தியது. வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். மேசையில் கிடந்த பறவைப் பொம்மையை மல்லாத்தி, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, கால் எப்படி இடம் மாறுகிறது என்று காட்டினாள். அதற்குள் முப்பது குழந்தைகளும் தங்கள் பென்சில் பெட்டிகளை மல்லாத்திக்கொண்டிருந்தார்கள். அவமானப்பட வேண்டிய இடத்தில் ஒருத்தி பாடம் நடத்துகிறாளே என்று அவன் வாய் பிளந்து பார்த்தான்.

பிறகு தனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில் தலைவியிடம் போய் நின்றான். "பறவை நான் திருப்பு. இவள் தப்பு இல்லை."

"நீ தலைகீழா பிடிச்சாலும் காலைப் பாத்து மாட்ட வேண்டியது அவ பொறுப்பு," என்றார் தலைவி. "இனி கொடி மாட்டும் பரீட்சையில திரும்பத் தேறாம அவ எந்தப் பறவையையும் தொடக் கூடாது."

அவன் முகம் தொங்கிப்போனது. தலைவி எழுந்து முன்னால் அவளிடம் வந்தார்.

"பதினோரு கொடி எண்ணும் உன்கிட்ட இருக்கா?"

"இருக்கு மேடம்."

"அந்த எண்ணெல்லாம் நம்ம கரைப் பறவைதான்னு எல்லா நாட்டுக்கும் இன்னிக்கே எழுது. ஒரு வாரம் கழிச்சுச் சொல்லியிருந்தா பதினொண்ணும் வீண்." பையை எடுத்துக்கொண்டார். "சீக்கிரம் தேறு. அடுத்த பருவத்துக் குழு உன்னோடது."

அவள் தலையாட்டினாள். அப்போதுதான் அவள் அந்தப் பொம்மையை இன்னும் கீழே வைக்காமல் இறுக்கிப் பிடித்திருப்பதை அவன் கவனித்தான். இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டா இத்தனை நேரம் சிரித்தாள்?

"பரீட்சைக்கு நான் பிடிக்கிறேன்," என்றான்.

"ஐயோ சாமி, நீ வேண்டாம்!"