சீமாட்டி எதை நினைக்கிறாள்?

மூளை ஆய்வுக்கூடத்து எலிக்குச் சீமாட்டி என்று பெயர் வைத்தது அதை வைத்து ஆய்வு செய்யும் மாணவிதான். வாசலிலிருந்து போய் இடமும் வலமுமாகப் பிரியும் சோதனைப் பாதையில் ஓட வேண்டிய நேரத்தில் மீசையைத் துடைத்துக்கொண்டு நிற்கும். பாதை முனையிலுள்ள தட்டில் தீனி விழும் சத்தம் கேட்டால்தான் நகரும்.

அதன் தலைக்குள் முடியைவிட மெல்லிய கம்பிகள். ஓடும்போது மூளையின் நினைவுப் பகுதியில் மின்னலைகள் ஒரே தாளத்தில் ஏறி இறங்கும். நின்றால் தாளம் கலைந்து, அந்த அலைகளில் திடீரென்று ஒரு சிலிர்ப்பு வரும். ஓடிய வழியை எலி மனதுக்குள் மறுபடி ஓடிப் பார்க்கிற நேரம் அது. சீமாட்டிக்கோ, பாதை முனையில் நின்றபோதெல்லாம் சிலிர்ப்பு கொட்டியது. நாளை மாணவி பேராசிரியரிடம் அதைத்தான் காட்ட வேண்டும். எடுபடாவிட்டால் எலியும் கருவியும் பக்கத்து அறையில் நடக்கும் வேறோர் ஆய்வுக்குப் போய்விடும்.

"அக்கா, ஒண்ணு கேட்டா அடிக்க மாட்டீங்களே?" என்றான் அடுத்த மேஜைக்காரன்.

"கேளு. அப்புறம் முடிவு பண்றேன்."

"உங்க சிலிர்ப்பெல்லாம் தீனித் தட்டுகிட்டயே வருதே. அவ நினைக்கிறாளா, மெல்லுறாளா?"

அவள் சட்டென்று திரையின் பக்கம் திரும்பினாள். தாடை அசைந்தால் தசையின் மின்சாரமும் கம்பியில் ஏறிவிடும். முதல் வருடப் பாடம்!

வீடியோவையும் அலைகளையும் அருகருகே ஓடவிட்டாள். தாடை அசைந்தது, சிலிர்ப்பு வந்தது. தாடை நின்றது, சிலிர்ப்பும் நின்றது. மென்றதையெல்லாம் கழித்துத் தள்ளியதும் ஒரு கைப்பிடிதான் மிஞ்சியது.

"போச்சு," என்றாள்.

"மிஞ்சினதைப் பாருங்கக்கா. அதுல வாய் அசையலையே."

பாதையின் ஒவ்வோர் இடத்துக்கும் துடிப்பதற்கென்று தனி நரம்பணுக்கள் இருந்தன. அவள் அவற்றுக்கு நிறம் கொடுத்திருந்தாள். வாசலுக்குச் சிவப்பு, திருப்பத்துக்கு மஞ்சள், வலப்பக்கத்துக்குப் பச்சை, இடப்பக்கத்துக்கு நீலம். எலி ஓடிக்கொண்டிருந்தது வலப்பக்கம் மட்டுமே.

திரையில் முதல் சிலிர்ப்பை விரித்தாள். சிவப்பு, மஞ்சள், நீலம்.

அடுத்ததை விரித்தாள். மறுபடி நீலம்.

"இடப்பக்கத்தைப் போன வாரமே பலகை வெச்சு அடைச்சிட்டோமே," என்றாள்.

"அடைச்சது நாம. மறந்துடுன்னு அவகிட்ட யார் சொன்னா?"

அவள் நாற்காலியைத் திரைக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். போக முடியாத வழியை இது எதற்கு அசை போடுகிறது?

மறுநாள் மென்ற கதையையே முதலில் காட்டினாள். பேராசிரியரின் முகம் சுருங்கியது. "அப்ப மிச்சம் என்னம்மா?"

நீலத்தைக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பலகையை எடுத்துட்டா எந்தப் பக்கம் ஓடும்?"

"தெரியாது சார்."

"எனக்கும் தெரியலை. இது தெரியாம சீமாட்டியைப் பக்கத்து ரூமுக்கு எப்படி அனுப்பறது? போய்ப் பலகையை எடு. நானும் வரேன்."