ஈறு நிறத் தக்கை

எங்கள் படகுத்துறையில் ஒரு வழக்கம் உண்டு. மீன் பிடிக்க ஆற்றில் இறங்குகிறவர், காவலாளி அறைச் சுவரில் அடித்திருக்கும் பலகையில் தன் தூண்டில் தக்கையை ஓர் ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். கரையேறியதும் எடுத்துக்கொள்ள வேண்டும். தக்கை தொங்கினால் ஆள் தண்ணீரில் இருக்கிறார் என்று அர்த்தம். இருட்டுகிற நேரத்தில் காவலாளி பலகையைப் பார்ப்பார். எதுவும் தொங்கவில்லை என்றால் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார். தொங்கினால் தேடிப் போவார். போவார் என்று சொன்னார்கள், நான் நம்பவில்லை.

நம்பாததற்குக் காரணம் அந்தக் காவலாளியேதான். மனிதர் முழுசாக விழித்திருந்து நான் பார்த்ததில்லை. எப்போது போனாலும் நாற்காலியில் சாய்ந்து, தொப்பியை மூக்குவரை இறக்கிவிட்டு, ஒரு கொட்டாவி. வணக்கம் சொன்னால் கொட்டாவி. தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்டால் அதற்கும் கொட்டாவி. மனசுக்குள் நான் அவருக்கு வைத்த பெயரே கொட்டாவிதான்.

முதல் நாள் அவர் கேட்டார், "ஏதாவது ஒண்ணுன்னா யாருக்கும்மா சொல்லணும்?"

"ஆத்துக்கே சொல்லிடுங்க. அதுக்குத்தான் முதல்ல தெரியும்."

"வீடு எந்தப் பக்கம்?"

"எதுக்கு? விருந்துக்கு வரப்போறீங்களா?"

அவர் ஒரு கொட்டாவி விட்டார். அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை, என் பெயரைக்கூட. கேட்காமல் விட்டுவிட்டாரே என்று வீட்டுக்கு வந்ததும் எனக்குக் கோபம் வந்தது. நான் அப்படித்தான்.

பல் ஆஸ்பத்திரியில் வேலை என்று யாரோ சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது. அன்றிலிருந்து நான் டாக்டரம்மா ஆகிவிட்டேன். ஒவ்வொரு முறையும் "நான் டாக்டர் இல்ல" என்பேன். "சரிங்க டாக்டரம்மா" என்பார்.

நான் பல் செட் செய்கிறவள். ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. முன்னறையில் டாக்டர் அச்சு எடுத்து அனுப்புவார். நான் மெழுகில் பல்லை வரிசையாக அடுக்கி, பொடியும் திரவமும் கலந்து ஈறு வார்த்து, ராவி, மெருகேற்றிக் கொடுப்பேன். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். போன சொல்லைத் திருப்பிக் கொடுப்பவள் நான். ஆனால் வாங்கிக்கொண்டு போனவர்களுக்கு நான் ஒருத்தி இருப்பதே தெரியாது. ஒருமுறை பேருந்தில் எதிர் இருக்கைப் பெரியவர் யாரையோ பார்த்துச் சிரித்தார். என் வேலை. கோரைப்பல்லைக் கொஞ்சம் திருப்பி வைத்திருந்தேன், அப்போதுதான் நிஜப் பல் மாதிரி இருக்கும். சந்தோஷத்தில் நானும் சிரித்துவிட்டேன். எந்தப் பைத்தியமோ என்று பார்த்துவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் தக்கையும் அந்த அறையில் பிறந்ததுதான். ரப்பர் தவளையை வீசி விரால் பிடிக்கிற எனக்குத் தக்கையே தேவையில்லை. ஆணியில் மாட்ட ஏதாவது வேண்டுமே என்று, மிஞ்சிய ஈறுக் கலவையை உருட்டி, ஒரு கம்பியைச் செருகிக் காயவைத்தேன். ஈறு நிறம். தண்ணீரில் போட்டால் கல்லாக முழுகும். மிதக்காத தக்கை உலகத்திலேயே என்னிடம்தான் இருக்கும்.

இப்படித்தான் ஐம்பது வயதுக்கு மேல் நான், ஓர் ஆள் உட்கார்ந்து துடுப்பு போடும் பச்சைக் கயாக் படகு ஒன்றை வாங்கி ஆற்றில் இறங்கினேன். அந்த அறையில் தலைக்கு மேல் எப்போதும் ஒரு குழல் விளக்கு. ஆற்றில் தலைக்கு மேல் ஒன்றுமே இல்லை. அது போதும் எனக்கு.

கோடையில் ஆறு ஒடுங்கிப்போகும். பாறைகள் முதுகைக் காட்டும். கயாக்கைச் சில இடங்களில் மணலில் இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் பாலத்துக்குக் கீழே உள்ள மடுவுக்குப் போய்விட்டால் உண்டு, இல்லையென்றால் வெறுங்கைதான். முதல் மழைக்குத் தண்ணீர் கலங்கிச் சுள்ளியும் இலையும் வரும். மீன்கள் கரையோரப் புல்லுக்குள் ஒதுங்கும். தவளையைப் புல்லின் மேல் விழவைத்துத் தட்டித் தட்டி இழுப்பேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் ஆற்றில் தவளையால் கெடுவது விரால்தான்.

பிடித்ததை விட்டுவிடுவேன். பெரிய மனசெல்லாம் இல்லை. ஒரு விரால் ஓர் ஆளுக்கு அதிகம். முதல் தடவை ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்து, மறுநாளும் அதற்கு மறுநாளும் அதையே தின்றேன். கடைசித் துண்டைத் தின்னாமல் தட்டிலேயே தள்ளி வைத்தேன். முள்ளுக்குப் பயந்து இல்லை.

அந்த நேரத்தில் ஆற்றில் இன்னொரு படகும் வரும். இரண்டு பேர் உட்காரும் மஞ்சள் படகு, அதில் ஓர் அண்ணனும் தம்பியும். துடுப்பு போட்டதிலிருந்து கரையேறும்வரை சண்டைதான். "இடது பக்கம் போடுடா." "நீ முதல்ல போடு, நான் மட்டும் என்ன மாடா?" சத்தத்தில் மீன் எங்கே தங்கும்? ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன், "மீன் பிடிக்க வந்தீங்களா, பாகம் பிரிக்க வந்தீங்களா?" அதிலிருந்து என்னைக் கண்டால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் தள்ளிப் போய்விடுவார்கள். நல்லதாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் வளைவைத் தாண்டிப் போனதும் ஆறு ரொம்பப் பெரிதாக இருக்கும்.

வேறு ஊரில் இருக்கும் அக்கா எப்போதாவது போன் செய்வாள்.

"ஏன்டி, உனக்கென்ன தலையெழுத்தா? இந்த வயசுல யாராவது ஆத்துல போய்த் துடுப்பு போடுவாங்களா?"

"யாரும் போடாததாலதான் அமைதியா இருக்கு."

"முழுகிட்டா?"

"உனக்கு போன் வராது. அவ்வளவுதான்."

அவள் குக்கர் சத்தம் போடுகிறது என்று வைத்துவிட்டாள். எனக்குக் குக்கர் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

வேடிக்கையாகச் சொன்ன அந்த வார்த்தை அதற்குப் பிறகு என்னை விடவில்லை. ஒவ்வொரு முறை ஆணியில் தக்கையை மாட்டும்போதும், இது இப்படியே தொங்கினால் யார் பார்ப்பார்கள் என்று தோன்றும். ஆஸ்பத்திரியில் பல் வரவில்லை என்றால் தேடுவார்கள். என்னைத் தேட மாட்டார்கள். வீட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாடைக்கு மூக்கைப் பொத்திய பிறகுதான் கதவைத் தட்டுவார்கள். பலகைக்குக் கீழே கொட்டாவி தொப்பிக்குள் தூங்கிக்கொண்டிருப்பார்.

மழைக்காலம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் குடையை உள்ளே எடுத்து வைத்த வாரம் அது. மதியத்துக்கு மேல் லீவு போட்டுவிட்டு இறங்கினேன். வானம் துடைத்துவிட்டது மாதிரி இருந்தது. வளைவைத் தாண்டி, பழைய பம்ப் அறைக்குப் பக்கத்து நாணலில் ஒரு விரால் தவளையைக் கவ்வி, கயாக்கையே இழுத்தது. அந்த மும்முரத்தில் நான் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தபோது பாதி வானம் கறுத்திருந்தது.

காற்று முதலில் வந்தது. கயாக்கின் மூக்கைப் பிடித்துத் திருப்பிவிட்டது. துறையைப் பார்த்து எவ்வளவு துடுப்பு போட்டாலும் நின்ற இடத்திலேயே நின்றேன். பிறகு அதுவும் இல்லை, பின்னால் போக ஆரம்பித்தேன். மழை கண்ணைத் திறக்க விடவில்லை. எதிர்த்து ஜெயிக்க முடியாது என்று புரிந்ததும் காற்று போன பக்கமே விட்டு, கரை நெருங்கியபோது நாணலைப் பிடித்து இழுத்து ஏறினேன். கயாக்கைப் பாதி மேட்டுக்கு இழுத்து ஒரு புதரில் கட்டினேன். சட்டைப் பையில் போன் செத்துப்போயிருந்தது. ரோட்டுக்கு ஏறிய என்னை ஒரு காய்கறி வேன்காரர் ஏற்றிக்கொண்டு, என் தெருமுனையில் இறக்கிவிட்டார். "தனியாவா இருந்தீங்க?" என்று ஒரு தடவை கேட்டார். பல் கிட்டித்ததில் தலையை மட்டும் ஆட்டினேன்.

வீட்டில் துணி மாற்றும்போதே குளிர் நடுக்கம் வந்துவிட்டது. மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு படுத்த பிறகுதான் தக்கை ஞாபகம் வந்தது. ஆணியில் தொங்குகிறது. வெளியே மழை கொட்டுகிறது, போன் இல்லை, எழுந்து உட்காரவே முடியவில்லை. தொங்கட்டும் என்று நினைத்தேன். கொட்டாவியாவது, பலகையைப் பார்ப்பதாவது. போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன்.

காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. யாரும் கதவைத் தட்டவில்லை. கேட்டிலும் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. என் வீடு எங்கே என்று யாருக்கும் நான் சொன்னதே இல்லை என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. வந்ததெல்லாம் ஆத்திரம்தான். முதல் பேருந்தைப் பிடித்துத் துறைக்குப் போனேன். அந்த மனிதரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று வழியெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டேன்.

மழை நின்று ஆற்றின் மேல் பனி இறங்கியிருந்தது. தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. காவலாளி அறை திறந்து கிடந்தது, நாற்காலி காலி. பலகையில் என் தக்கை அப்படியே தொங்கியது. ராத்திரி முழுக்க ஒருத்தி வரவில்லை, ஏனென்று கேட்க நாதி இல்லை. எனக்கு அழுகை வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் மற்ற ஆணிகளைப் பார்த்தேன். எல்லா ஆணியிலும் தக்கை. அண்ணன் தம்பியின் மஞ்சள் தக்கைகள், வாரக்கடைசியில் மட்டும் வருகிறவர்களின் தக்கைகள், நான் முகமே பார்க்காதவர்களின் தக்கைகள். மழைக்கு மறுநாள் மீன் நன்றாகக் கடிக்கும். எனக்கு மட்டும் சொல்லாமல் ஊரே மீன் பிடிக்கப் போய்விட்டது என்று நினைத்தேன். ஆத்திரம் இன்னும் ஏறியது.

கடைசி ஆணியில் தக்கை இல்லை. ஒரு தொப்பி தொங்கியது, சொட்டச் சொட்ட நனைந்து. கொட்டாவியின் தொப்பி.

அவரிடம் ஏது தக்கை? அவர் மீன் பிடிக்கிறவரே இல்லையே. அதை நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பனிக்குள்ளிருந்து பேச்சு கேட்டது. பனியில் தண்ணீர் மேல் குரல் தூரம் வரும். அண்ணனும் தம்பியும்.

அண்ணன் வேறு யாரிடமோ, "நீங்க விடுங்க, சாயங்காலத்துலேர்ந்து கத்திட்டிருக்கீங்க. தொண்டையே போயிடுச்சு உங்களுக்கு. டேய், நீ கூப்பிடு."

"பேரு என்னண்ணா அவங்களுக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்? என்னைக்காவது பேச விட்டாங்களா?"

"படகு கவுந்து கெடந்த எடத்துலேர்ந்து பாத்துட்டோமே. இதுக்கு மேல..."

"இதுக்கு மேலன்னு சொல்லாத. துடுப்பு போடு."

"போட்டுட்டுதான்ணா இருக்கேன்."

முதல் தடவையாக அவர்கள் சண்டை போடாமல் பேசிக் கேட்டேன். ராத்திரி ஆறு ஏறிப் புதரிலிருந்து என் கயாக்கை உருவிக்கொண்டு போயிருக்கிறது என்று புரிந்தது. அது கவிழ்ந்து கிடந்ததை இவர்கள் பார்த்திருக்கிறார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது மூன்றாவது குரல் கூப்பிட்டது. குரல் என்று சொல்ல முடியாது, காற்றுதான் வந்தது, அரம் போட்ட மாதிரி.

"டாக்டரம்மா..."

அதற்குப் பின்னால் தூரத்தில் இன்னொருவர், "டாக்டரம்மோவ்!" வேறொரு பக்கத்திலிருந்து, எனக்குத் தெரியாத யாரோ ஒரு பெண்பிள்ளைக் குரல். ஆறு முழுக்க என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். விடிய விடிய ஈரத்தில் கிடந்தவர்கள். வாயைத் திறக்கவும் செய்தேன். ஆனால் அம்மா போன பிறகு என்னை யாரும் இப்படிக் கூப்பிட்டதில்லை. இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிடட்டும் என்று மூடிக்கொண்டேன்.

கூப்பிட்டார்.

"எத்தனை தடவ சொல்றது!" என்று பனியைப் பார்த்துக் கத்தினேன். குரல் பாதியில் உடைந்தது. "நான் டாக்டர் இல்ல!"

துடுப்புச் சத்தம் எல்லாம் ஒரேயடியாக நின்றது. தண்ணீர் மட்டும் படியில் மோதிக்கொண்டிருந்தது. அப்புறம் அந்தப் போன தொண்டை, பக்கத்தில் எங்கிருந்தோ கேட்டது.

"சரிங்க டாக்டரம்மா. முதல்ல அந்தத் தக்கைய எடுங்க."

எடுத்தேன்.