ஸ்டெப்னி பேரில் ஒரு கோல்

கார் டிக்கியில் படுத்துக் கிடக்கும் உபரி டயருக்கு என்ன வேலையோ, அணியில் அதே வேலைதான் அவனுக்கும். அதனாலேயே எல்லோரும் அவனை ஸ்டெப்னி என்று கூப்பிட்டார்கள். தேசிய லீக்கில் ஆடும் ஒரு அணியின் மூன்றாவது கோல்கீப்பர் அவன். முதல் கீப்பருக்குச் சுவர் என்று பட்டப்பெயர். அந்த மனுஷனுக்கு ஒரு தும்மல் வந்துகூட யாரும் பார்த்ததில்லை. இரண்டாவது கீப்பர் கோச்சின் மச்சான். இந்த இருவரையும் தாண்டி ஸ்டெப்னி மைதானத்துக்குள் இறங்குவது நடக்கிற காரியமில்லை என்று அவனுக்கே தெரியும். பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில்களுக்குக் காவல் இருப்பான்.

இது தெரியாதவர் ஒருவர் இருந்தார். அவனுடைய மாமனார்.

மாமனார் சலூன் வைத்திருந்தார். சுழல் நாற்காலி இரண்டு, நீளக் கண்ணாடி ஒன்று, பேச்சு மட்டும் கணக்கில்லாமல். சீசன் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் மகளை ஸ்டெப்னிக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். "என் மாப்பிள்ளை லீக் பிளேயர்" என்று தலையைக் கொடுத்தவர்களிடமெல்லாம் சொன்னார். கத்தி கழுத்தில் இருந்ததால் யாரும் மறுத்துப் பேசவில்லை. முதல் ஆட்டத்தைப் பார்க்கவென்றே சுவரில் பெரிய டிவி மாட்டினார்.

ஆட்டம் முடிந்தது. பக்கத்துக் கடை பேக்கரிக்காரர் பாதி மழித்த கன்னத்தோடு திரும்பினார்.

"எங்க உங்க மாப்பிள்ளை? கண்ணுலயே படலையே!"

"அவர் நின்ன பக்கம் கேமரா போகலைங்க" என்றார் மாமனார்.

அடுத்த ஆட்டத்திலும் கேமரா அந்தப் பக்கம் போகவில்லை. அதற்கடுத்ததிலும் போகவில்லை. மூன்றாவது வாரம் பேக்கரிக்காரர், "மாப்பிள்ளை ஒருவேளை ரேடியோவுல ஆடறாரோ?" என்று கேட்டபோது சலூனே சிரித்தது. மாமனார் சிரிக்கவில்லை. நேராக மகள் வீட்டுக்கு வந்தார்.

"மாப்பிள்ளை, நீங்க டிவியில வரணும். எப்படின்னு எனக்குத் தெரியாது. வரணும்."

"மாமா, நான் மூணாவது கீப்பர். முன்னாடி ரெண்டு பேர் இருக்காங்க."

"கோல் போஸ்ட் ஒண்ணுதானே? அதுக்கு எதுக்கு மூணு பேரு?"

ஸ்டெப்னியும் பல நாள் இதையே யோசித்திருந்தான்.

பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பில் வேலை பார்த்த அவன் மனைவி, "அப்பா, அவரை விடுங்க" என்றாள். அப்பா விடவில்லை. மருமகனை சலூனுக்கு இழுத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்து, பக்கவாட்டில் ஒட்ட வெட்டி, நடுவில் நின்ற முடிக்குச் சாயம் பூசினார். கேமராக்காரன் எங்கே இருந்தாலும் கண்ணில் அடிக்க வேண்டும் என்பது திட்டம். தங்க நிறம் வரும் என்றார். கேரட் நிறம் வந்தது.

திட்டம் பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ஞாயிறு ஆட்டத்தில் கேமரா பெஞ்சைத் தாண்டிப் போய், திகைத்து, திரும்பி வந்தது. சலூனில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். வர்ணனையாளர் தெளிவாகச் சொன்னார்: "ரசிகர் ஒருத்தர் எப்படியோ வீரர்கள் பெஞ்சுக்கே வந்துட்டார் போலிருக்கு. பாதுகாப்பு அதிகாரிகள் கவனிக்கணும்."

கவனித்தார்கள். இரண்டு பேர் வந்து அவன் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். "யோவ், நான் பிளேயர்யா!" என்று அவன் அலறியதும், கோச் நிதானமாக அவன் முகத்தை உற்றுப் பார்த்த பிறகே "ஆமா, நம்மாளுதான்" என்று சொன்னதும் நேரலையில் போயின.

அந்த அவமானத்தின் சூடு தணியாமல், அடுத்த ஆட்டத்தில் லைன்ஸ்மேன் கொடி தூக்கியபோது ஸ்டெப்னி பெஞ்சிலிருந்து குதித்து, "கண்ணைக் கழட்டி வீட்டுல வச்சிட்டு வந்தியா?" என்று கத்திவிட்டான். நடுவர் ஓடிவந்து மஞ்சள் அட்டையை நீட்டினார். திரையில் அவன் முகம் முழுசாக வந்தது.

மாமனார் ஆளை அனுப்பி பேக்கரியிலிருந்தே கேக் வரவழைத்தார்.

"அட்டை குடுத்திருக்காங்க மாப்பிள்ளைக்கு!"

"அது தண்டனைங்க" என்றார் பேக்கரிக்காரர், கேக்கை மென்றபடி.

"தண்டனையை யாருக்குக் குடுப்பாங்க? ஆடறவனுக்குத்தானே குடுப்பாங்க? உமக்குக் குடுத்தாங்களா?"

இப்படியே சீசன் உருண்டது. அணி மேலேயும் ஏறவில்லை, கீழேயும் விழவில்லை. கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் சுவரின் மனைவிக்குப் பிரசவ வலி எடுக்க, சுவர் ஆஸ்பத்திரியில் மயங்கி விழுந்தார். குழந்தையும் தாயும் நலம். சுவருக்கு மட்டும் ஓய்வு தேவை என்றார் டாக்டர். கோச்சின் மச்சான் ஆடினான். அணி மூன்று கோல் போட்டது. மூன்றாவது கோலுக்கு மச்சான் ஆனந்தத்தில் குட்டிக்கரணம் அடித்தான். கோல் போஸ்ட் இருந்த இடம் அவனுக்கு மறந்துபோயிருந்தது.

அவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போனார்கள். கோச் பெஞ்சின் கடைசியைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

ஸ்டெப்னி இறங்கினான். கையுறையைக் கை மாற்றி மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினான். ஆனால் பந்து அவன் பக்கமே வரவில்லை. எதிரணி சோர்ந்துபோயிருந்தது. நிமிடங்கள் ஓட ஓடப் பதற்றம் போய், வேறொரு கவலை வந்தது: கேமரா எங்கே இருக்கிறது? கோலுக்குப் பின்னால் ஒன்று சிவப்பு விளக்கோடு நின்றது. லேசாகத் திரும்பி, நெஞ்சை நிமிர்த்தி, ஒரு பார்வை பார்த்தான்.

அந்த நேரத்தில்தான் அவன் அணியின் தடுப்பாட்டக்காரன் ஒருவன் பின்பக்கமாகப் பந்தைத் தட்டினான். குழந்தைகூடக் காலால் நிறுத்திவிடும் வேகம். பந்து உருண்டு வந்து, ஸ்டெப்னியின் குதிகாலில் பட்டு, மெதுவாக, யோசித்து யோசித்து, கோலுக்குள் போனது.

மூன்றுக்கு ஒன்று. ஜெயித்ததென்னவோ அவர்கள்தான். ஆனால் அன்றைக்கு எந்தச் சேனலைத் திருப்பினாலும் அந்தக் குதிகால்தான் ஓடியது. மெதுவாக, இன்னும் மெதுவாக, மேலிருந்து, கீழிருந்து. ஸ்டெப்னி போர்வைக்குள் போய்விட்டான். மனைவி கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உன் அப்பா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"அப்பா அங்க வேற சண்டையில இருக்கார். சத்தம் கேக்கலையா?"

சலூனிலிருந்து நேராக வந்திருந்த மாமனார் கூடத்தில் நின்று லீக் அலுவலகத்துக்குப் போன் போட்டிருந்தார். தன் அணியின் வலைக்குள்ளேயே போன அந்தச் சொந்தக் கோலைத் தடுப்பாட்டக்காரன் பேரில் எழுதிவிட்டார்களாம்.

"அது எப்படிங்க? பந்து வெளியதான் போயிட்டிருந்தது. நான் நூறு தடவை பார்த்துட்டேன். என் மாப்பிள்ளை கால் வைக்கலேன்னா கோலே கிடையாது! முழு உழைப்பும் அவரோடது. பேரு மட்டும் இன்னொருத்தனுக்கா?"

மறுமுனையில் இருந்தவர் தன் வாழ்க்கையில் இப்படி ஒரு புகாரைக் கேட்டதில்லை. ஆனால் படத்தை ஓட்டிப் பார்த்தார்கள். மாமனார் சொன்னதுதான் சரி. கோல், முறைப்படி, ஸ்டெப்னி பேருக்கு மாற்றப்பட்டது. போர்வைக்குள் இருந்தவனுக்கு முதலில் அழுகை வந்தது. பிறகு மனைவி அந்தக் குதிகால் காட்சியை நடித்துக் காட்டியதும், இருமல் வரும்வரை சிரித்தான்.

தடுப்பாட்டக்காரன் பெரிய பூங்கொத்தோடு சலூனுக்கே வந்து மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான். பேக்கரிக்காரர் அன்று கேக்குக்குக் காசு வாங்கவில்லை.

சீசன் முடிந்த ஓய்வு மாதத்தில் கோச்சின் மச்சான் வேறு அணிக்குப் போய்விட்டான். ஸ்டெப்னி இரண்டாவது கீப்பரானான். செய்தியை சலூனில் வந்து சொன்னபோது மாமனார் யாருக்கோ கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவதா? அப்ப இன்னும் ஒருத்தர்தான் பாக்கி. அவருக்கு உடம்பு இப்ப எப்படி இருக்கு?"

"நல்லா தேறிட்டார் மாமா. கல்லு மாதிரி இருக்கார்."

மாமனார் கத்தியின் கூர்மையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"அவரை ஒருநாள் நம்ம கடைக்கு ஷேவிங்குக்குக் கூட்டிட்டு வாங்களேன், மாப்பிள்ளை."