துரு பிடித்த டேங்க்

ஆலை வேன் அவளுக்காக நிற்கவில்லை. பத்தடி தள்ளி நிறுத்தி மற்ற பெண்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மாரிசெல்வி சாப்பாட்டு வாளியோடு ரோட்டிலேயே நின்றாள்.

காரணம் அவளுக்குத் தெரியும். போன வாரம் பட்டாசு ஆலைக்கு ஆய்வுக்கு வந்த அதிகாரிகள், வெடிமருந்து அடைக்கும் அறையில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். நாலு பேர் இருக்கவேண்டிய அறையில் ஒன்பது பேர் இருக்கிறோம் என்று சொல்லி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

இரண்டே நாளில் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் வேலை தேடிக்கொண்டாள். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அங்கே இருக்க வேண்டும். ஊரிலிருந்து பதினாறு கிலோமீட்டர்; முதல் பஸ்ஸே ஒன்பது மணிக்குத்தான். மிச்சம் இருந்தது ஆட்டுக்கொட்டகையில் நாலு வருஷமாக நின்ற எக்ஸ்எல் மொபெட் ஒன்றுதான்.

மெக்கானிக் அருள்பாண்டி வந்து என்ஜினைச் சரிசெய்தார். டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்தவர் உதட்டைப் பிதுக்கினார்.

"உள்ள பூரா துரு தாயி. வேற டேங்க் ஆர்டர் போட்டா பத்து நாள்ல வரும்."

"திங்கக்கெழம எனக்கு வண்டி வேணும் அண்ணாச்சி. டேங்கக் கழட்டி மட்டும் குடுங்க."

புருஷன் முனியராஜ் சாத்தூரில் லோடு ஏற்றும் வேலை பார்க்கிறவன். பயந்த மனுஷன். "எதுக்கு இம்புட்டுப் பாடு? ஆலையில ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுட்டு வேலைக்குப் போயேன்" என்றான்.

"எதுக்கு மன்னிப்பு? நீங்க சும்மா இருங்க."

டேங்கில் கிடந்த பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறியது. அதை வடித்துவிட்டு, சோப்புத் தண்ணீர் விட்டு ஆறேழு தரம் அலசினாள். பத்து வருஷம் மருந்து அறையில் இருந்தவள். பெட்ரோல் வாடை சுத்தமாகப் போகாமல், உரசினால் பொறி பறக்கும் கல் ஒன்றைக்கூட உள்ளே போடமாட்டாள். பிறகு பெட்ரோல் இறங்கும் அடி ஓட்டையைச் சைக்கிள் டியூப் துண்டால் அடைத்து, பழம்புளியைச் சுடுதண்ணீரில் கரைத்து முட்ட ஊற்றி, ஒரு பகலும் ராத்திரியும் ஊறவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பொடி ஜல்லி இரண்டு கை அள்ளிப்போட்டு டேங்கை மடியில் வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தபோது, ஆலையின் போர்மேன் செந்தூர்பாண்டி வந்தார்.

"ஏத்தா, அந்தச் சத்தத்த நிப்பாட்டு."

"நிப்பாட்டுனா துரு போகாது அண்ணாச்சி. சொல்லுங்க, காது கேக்குது."

அவர் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. "எண்ணிக்கைய தப்பாச் சொல்லிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடு. நாளைக்கே வேன் ஒன் வாசலுக்கு வரும்."

"பத்து வருசமா வெடி எண்ணித்தான மருந்து அடைச்சேன்? அப்ப ஒரு நாளாவது எண்ணிக்கை தப்புச்சா? ஒம்போதுன்னா ஒம்போதுதான்."

செந்தூர்பாண்டி முனியராஜைப் பார்த்தார். "நீயாவது சொல்லு மாப்ள. இந்தப் பக்கம் ஒரு கம்பெனியும் இவளச் சேத்துக்கிடாது."

முனியராஜ் தலையைச் சொறிந்தான். மாரிசெல்வி கை மாற்றிக் கை மாற்றிக் குலுக்குவதைப் பார்த்தான். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் போய்க் குந்தினான்.

"இங்கன குடு" என்று டேங்கை வாங்கிக் குலுக்கினான். மூட்டை தூக்குகிற கை. தகரம் போட்ட இரைச்சலில் அதற்குப் பிறகு போர்மேன் சொன்னது எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தவர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தேன்நிறத்தில் கொட்டிய தண்ணீர் நாலாவது அலசலில் தெளிந்தது. ஆப்பச் சோடா கலந்த தண்ணீரில் ஒரு தரம் கழுவி, வெயிலில் காயவைத்து, துரு மறுபடி ஏறாதிருக்க ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றிச் சுழற்றினாள். சாயங்காலம் அருள்பாண்டி புது பெட்ரோல் பில்டரோடு வந்து டேங்கை மாட்டிக்கொடுத்தார்.

திங்கட்கிழமை திருத்தங்கலைத் தாண்டியதும் வண்டி இருமி நின்றது. ஓரமாகத் தள்ளி ஸ்டாண்ட் போட்டாள். உட்கார்ந்து பில்டரைக் கழற்றினாள். உள்ளே செம்பொடி. ஊதி மாட்டி, ஏழெட்டு மிதி மிதித்ததும் கிளம்பியது.

அச்சகத்துக்குள் நுழையும்போது எட்டு நாற்பது.

"மொத நாளே லேட்டா?" என்றாள் சூப்பர்வைசர் ஷைலா.

"வண்டி நின்னுருச்சு மேடம். நானே சரிபண்ணி ஓட்டிட்டு வாரேன்."

ஷைலா அவள் விரல்களைப் பார்த்தாள். "கையக் கழுவிட்டு வாங்க. தாள்ல கறை படும்."

இரண்டு தரம் சோப்புப் போட்டும் நகக்கண்ணில் இருந்த பழுப்பு போகவில்லை. துணியில் அழுத்தித் துடைத்துவிட்டு, ஜனவரித் தாள்களை அடுக்க உட்கார்ந்தாள்.